பொறி நிற்கும் இடம்



இப்பொழுது என் குரலை உங்கள் செவிக்குக் கொண்டு வருவது வானொலி அலை. அதே குலத்தைச் சேர்ந்த வேறோர் அலை, வயல்வெளியில் நிற்கும் ஒரு மாணவனின் கைப்பெட்டியிலிருந்து புறப்பட்டு, வானத்தில் வட்டமிடும் சிறு விமானம் ஒன்றினுக்கு, 'இடப்பக்கம் திரும்பு', 'வேகத்தைக் குறை', 'கீழே இறங்கு' என்று கட்டளைகளைக் கொண்டு செல்கிறது. வானொலியால் இயக்கப்படும் மாதிரி விமானம் என்பது இதுதான். இதை விளையாட்டுப் பொருள் என்று சிலர் எண்ணுவர். விளையாட்டுப் பொருள்தான், ஆயினும், பெரிய விமானத்தை ஆளும் இயற்கை விதிகள் எவையோ, அவையே இதனையும் ஆளுகின்றன. விதிகள் பெரியது, சிறியது பார்ப்பதில்லை.

மாதிரி விமானம் செய்ய முற்படும் மாணவன் முதலில் கேட்கும் கேள்வி, "எவ்வளவு சக்தியுள்ள எஞ்சின் வேண்டும்?" என்பது. இயல்பான கேள்வியே. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உள. எஞ்சின் எங்கே நிற்க வேண்டும்? எந்தத் திசையை நோக்க வேண்டும்? எதைப் பற்றிக்கொண்டு, எவ்வளவு உறுதியாக நிற்க வேண்டும்? இடம், திசை, பிடிப்பு என்னும் இம்மூன்றும் சரியாக அமைந்தால், சிறிய எஞ்சினும் விமானத்தை அழகாகப் பறக்கச் செய்யும். இவற்றில் ஒன்று பிழைத்தாலும், பெரிய எஞ்சின் பெரிய கேட்டையே விளைவிக்கும்.

முதலில் இடத்தைப் பற்றிப் பார்ப்போம்.

தராசின் முள் நடுவில் நிற்பதற்கு இரு தட்டுகளும் ஒத்திருக்க வேண்டும். விமானத்துக்கும் ஒரு முள் உண்டு. அதற்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். விமானத்தின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டு நிற்பதாகக் கொண்டால், அப்புள்ளியே ஈர்ப்பு மையம். பழகுவோருக்கான சாதாரண மாதிரி விமானத்தில், சிறகின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் காற்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே அது அமைவது நலம். சிறகின் அகலம் 25 செ.மீ. என்றால், முன் விளிம்பிலிருந்து 6 முதல் 8 செ.மீ. தொலைவுக்குள் எனக் கொள்ளலாம். இரு ஆள்காட்டி விரல்களையும் சிறகுகளின் அடியில் அவ்விடத்தில் கொடுத்து விமானத்தைத் தூக்கினால், அது மட்டமாக நிற்க வேண்டும். அல்லது மூக்கு சிறிதே தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவிடலாகாது. மூக்குக் கனத்த விமானம் சோம்பேறி. சொன்னதை மெதுவாகவேனும் கேட்கும். வால் கனத்த விமானமோ பித்துப் பிடித்தது. எவர் சொல்லும் அதற்கு ஏறாது.

விமானத்தின் பாகங்களுள் பெரும்பாலும் மிகக் கனமானது எஞ்சினே. ஆகையால் அதன் இடத்தைக் கண்ணளவால் முடிவு செய்யலாகாது. கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பள்ளியில் நீங்கள் படித்த திருப்புத்திறன் இங்கே உயிர் பெறுகிறது. எடையைத் தூரத்தால் பெருக்குங்கள். 400 கிராம் எடையுள்ள எஞ்சின், ஈர்ப்பு மையத்துக்கு 25 செ.மீ. முன்னால் நிற்கிறது என்போம், பெருக்கினால் 10,000. பின்னால் 80 செ.மீ. தொலைவில் உள்ள வால் 125 கிராம் என்போம், அதுவும் 10,000. தராசு சமம். இனி எஞ்சினை 2 செ.மீ. பின்னுக்கு நகர்த்துங்கள். முன்பக்கத்தில் 800 குறைந்துவிடும். அதனை ஈடுசெய்ய, எஞ்சின் முன்பு நின்ற இடத்தில் 32 கிராம் ஈயத்தைக் கட்ட வேண்டியிருக்கும். இரண்டு சென்டிமீட்டர் அலட்சியத்துக்கு 32 கிராம் அபராதம்! வாலில் ஒரு கிராம் கூடினால், மூக்கில் மூன்று கிராமுக்கு மேல் கூட்ட வேண்டும் என்பதும் இக்கணக்கிலிருந்தே விளங்கும். ஆகவே வாலை இலேசாகச் செய்வது, மூக்கில் ஈயத்தை அப்புவதைவிட மேலான வழி. இந்நாளில் பலர் மின்மோட்டாரைப் பயன்படுத்துகின்றனர். மோட்டார் இலேசானது, அங்கே கனமான பொருள் பாட்டரி. அதனை முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்யலாம். கணக்கு மட்டும் மாறுவதில்லை.

இக்கணக்கை முதன்முதலில் வானத்தில் எழுதிக் காட்டியவர்கள் ரைட் சகோதரர்கள். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் 12 விநாடிகள் பறந்த அவர்களது விமானத்தில், ஓட்டுபவர் கீழ்ச் சிறகின்மேல் நடுக்கோட்டுக்குச் சற்றே இடப்பக்கம் குப்புறப் படுத்திருந்தார். ஏறத்தாழ 12 குதிரைத்திறனுள்ள எஞ்சின் வலப்பக்கம் இருந்தது. மனிதன் ஒரு தட்டு, எஞ்சின் மறு தட்டு. ஆயினும் எஞ்சின் மனிதனைவிடக் கனமானது. என் செய்தார்கள்? வலச்சிறகை இடச்சிறகைவிட 4 அங்குலம் நீளமாக அமைத்தார்கள். எஞ்சினின் இடம் சிறகின் நீளத்தையே மாற்றியது, பார்த்தீர்களா!

எஞ்சினின் இடத்தை மாற்றினால் விமானத்தின் குணமே மாறும் என்பதற்கு நம் காலத்தில் துயரமான சான்று ஒன்று உண்டு. போயிங் 737 மாக்ஸ் என்னும் பயணிகள் விமானத்துக்குப் பழைய எஞ்சினைவிட அகன்ற எஞ்சின் வேண்டியிருந்தது. சிறகுக்கும் தரைக்கும் இடையே போதிய உயரம் இல்லாமையால், அதனை முன்னும் மேலுமாகத் தள்ளிப் பொருத்தினர். அதனால், சில நிலைகளில் மூக்கு மேலெழும் போக்கு மிகுந்தது. அப்போக்கைத் தடுக்க, மூக்கைத் தானே கீழே தள்ளும் கணினி ஏற்பாடு ஒன்றைச் சேர்த்தனர். ஒரே ஓர் உணர்கருவி தவறான செய்தி தந்தபோது, அவ்வேற்பாடு நன்றாகப் பறந்துகொண்டிருந்த விமானத்தின் மூக்கை மீண்டும் மீண்டும் கீழே தள்ளிற்று. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் நேர்ந்த இரு விபத்துகளில் 346 பேர் மாண்டனர். எஞ்சினின் இடம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆயினும் துயரத்தின் சங்கிலி அங்கேதான் தொடங்குகிறது. ஒன்றை நகர்த்தினால், அதனோடு வேறு எவையெல்லாம் நகரும் என்று இறுதிவரை எண்ணிப் பார்ப்பதே பொறியியல் அறம்.

இரண்டாவது, திசை.

எஞ்சினை விமானத்தின் நடுக்கோட்டில் நேராக வைத்தால் விமானம் நேராகப் போகும் என்றுதான் எவரும் நினைப்பர். நேராகப் போகாது. சாதாரணமாக, முன்னால் நின்று இழுக்கும் விசிறி, பின்னாலிருந்து நோக்கினால் கடிகார முள் சுற்றும் வகையில் சுழல்கிறது. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்றார் நியூட்டன். விசிறி வலமாகச் சுழன்றால், விமானத்தின் உடல் இடமாகச் சாய முயலும். அன்றியும், விசிறி தள்ளும் காற்று முறுக்கிக்கொண்டு பின்னால் சென்று, செங்குத்து வாலின் இடப்பக்கத்தில் மோதுகிறது. அதனால் மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. ரைட் சகோதரர்கள் இரண்டு விசிறிகளை எதிரெதிராகச் சுழலச் செய்து இத்தொல்லையை வென்றார்கள். ஒரே விசிறியுள்ள நமக்கு வேறு வழி வேண்டும். எஞ்சினின் முகத்தை இரண்டு அல்லது மூன்று பாகை வலப்பக்கம் திருப்பிவிடுவதே அவ்வழி. வேகம் கூடுகையில் மூக்கு மேலெழுவதைத் தடுக்க, முகத்தைச் சிறிது கீழ்நோக்கியும் தாழ்த்துவர்.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், மாணவர் மூவர் தம் சேமிப்பைத் திரட்டி ஒரு மாதிரி விமானம் செய்தனர். தென்காசிக்கு அருகே, பிசான அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில் அதைப் பறக்கவிட்டனர். தரையை விட்டு எழுந்தவுடன் அது இடப்பக்கம் சாய்ந்து வளைந்தது. இரு முறை மயிரிழையில் தப்பிற்று. அவர்களிடம் இருந்தது அந்த ஒரே விமானம். உடைந்தால் இன்னொன்றுக்கு வழி இல்லை. ஒருவன், "எஞ்சின் போதவில்லை, பெரிதாக வாங்க வேண்டும்" என்றான். மற்றொருவன், "சிறகு கோணலாக இருக்கிறது, பிரித்துவிடலாம்" என்றான். மூன்றாமவன் அதிகம் பேசாதவன். அவன் கையில் ஒரு குறிப்பேடு இருந்தது. ஒவ்வொரு முறையும் நடந்ததை அதில் எழுதி வைத்திருந்தான். அதைப் படித்துப் பார்த்து அவன் சொன்னான்: "ஐயா, எஞ்சினின் வேகத்தைக் குறைத்து இறங்கும்போதெல்லாம் விமானம் நேராகத்தான் வருகிறது. வேகத்தைக் கூட்டும்போது மட்டுந்தான் வளைகிறது."

எவ்வளவு நுட்பமான சொல்! சிறகு கோணல் என்றால், எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் விமானம் வளைய வேண்டும். வேகத்தோடு வருகிற குற்றம் எஞ்சினின் திசையில்தான் இருக்க வேண்டும். பெரிய எஞ்சினை வாங்கியிருந்தால் வளைவும் பெரிதாகியிருக்கும்; நல்ல சிறகைப் பிரித்திருந்தால் அதுவும் பாழாகியிருக்கும். அவர்கள் எஞ்சின் தாங்கியின் இடப்பக்கத்துப் போல்ட்டுகள் இரண்டின் அடியில் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு வாஷர்களைக் கொடுத்து முடுக்கினர். அன்று மாலையே விமானம் நேராக எழுந்து பறந்தது. காசு கொடுத்து வாங்கவிருந்த மருந்தை, ஒரு குறிப்பேடு இலவசமாகக் கொடுத்துவிட்டது.

அந்த வாஷர் செய்த வேலையை உங்கள் கோண அளவியல் சொல்லும். இரு பக்கத்துப் போல்ட்டுகளுக்கும் இடையே 40 மில்லிமீட்டர். ஒரு பக்கத்தை 2 மில்லிமீட்டர் முன்னே தள்ளினோம். 2ஐ 40ஆல் வகுத்தால் 0.05, டேன்ஜென்ட் மதிப்பு 0.05 ஆக உள்ள கோணம் ஏறத்தாழ 3 பாகை. இன்னும் ஒரு நுட்பம் உண்டு. விசிறி, தாங்கிக்கு 100 மில்லிமீட்டர் முன்னால் இருந்தால், இத்திருப்பத்தால் அது 5 மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்ந்துவிடும். எனவே புதிதாகச் செய்வோர் தாங்கியை முதலிலேயே 5 மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளிப் பொருத்தினால், விசிறி நடுக்கோட்டில் வந்து நிற்கும்.

தென்காசியிலும் குற்றாலத்திலும் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆயிரம் கைகள் வடம் பிடித்து இழுக்கின்றன. ஆனால் அம்மாபெரும் தேரைத் திருப்புவது, சக்கரத்தின் அடியில் ஒருவர் சமயம் பார்த்துக் கொடுக்கும் சிறு முட்டுக்கட்டை அன்றோ? அந்த வாஷரும் ஒரு முட்டுக்கட்டையே. இழுக்கும் வலிமை வேறு, வழிப்படுத்தும் அறிவு வேறு.

மூன்றாவது, பிடிப்பு.

வயல்களில் பம்புசெட்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சிமெண்டு மேடையில் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கும்வரை அது அடங்கி ஓடுகிறது. ஒன்று தளர்ந்துவிட்டாலோ, அதிர்ந்து அதிர்ந்து மற்றவற்றையும் தளர்த்திவிடுகிறது. மாதிரி விமானத்தில் எஞ்சினுக்கு மேடையாவது, மூக்கின் பின்னால் குறுக்காக நிற்கும் தடுப்புப் பலகை. மற்றப் பகுதிகளைப் பால்ஸா போன்ற மெல்லிய மரத்தால் செய்யலாம்; இதனை மட்டும் நல்ல பிளைவுட்டால் செய்து, உடலின் நாற்புறத்தோடும் பசையிட்டு, மூலைகளில் முட்டுச் சட்டங்கள் கொடுத்து இணைக்க வேண்டும். அதன்மேல் உறுதியான தாங்கியை வைத்து, பலகையின் பின்னால் நட்டுகளைப் பதித்து, நான்கு போல்ட்டுகளால் முடுக்குவர். மரத்தில் நேராகத் திருகாணியை முடுக்கினால், அதிர்ச்சியில் துளை தேய்ந்து அது நழுவிவிடும்.

எண்ணெய்ச் சிறு எஞ்சினுக்குரிய எரிபொருளில் மெதில் ஆல்கஹாலோடு, பல கலவைகளில் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்திருக்கும். எரியாத எண்ணெய் புகையோடு வெளிவந்து எங்கும் படியும். மரம் அதனை உறிஞ்சி ஊறிவிட்டால் பசை விட்டுப்போகும். ஆதலின் தடுப்புப் பலகையையும் அதன் பின்னறையையும் எபாக்சி பூசி அடைத்துவிட வேண்டும். எரிபொருள் தொட்டியின் நடுமட்டம் எஞ்சினின் எரிபொருள் ஊசித் துவாரத்தோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மிகத் தாழ்ந்தால் எஞ்சின் தாகத்தால் நிற்கும். மிக உயர்ந்தால் மூச்சுத் திணறி நிற்கும்.

பிடிப்புத் தவறினால் என்ன ஆகும்? 1979ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், அமெரிக்காவின் சிக்காகோ விமான நிலையத்திலிருந்து எழுந்த டிசி-10 விமானத்தின் இடச்சிறகு எஞ்சின், அதனைத் தாங்கிய சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு விழுந்தது. விமானமும் சில விநாடிகளில் வீழ்ந்தது. தரையில் இருந்த இருவர் உட்பட 273 பேர் இறந்தனர். ஆராய்ந்தபோது தெரிந்தது என்ன? எஞ்சினையும் தாங்குசட்டத்தையும் தனித்தனியே கழற்றாமல், நேரம் மிச்சமாகும் என்று ஒருசேரக் கழற்றி மாட்டியிருந்தனர். அப்பணியில் தாங்குசட்டத்தின் பின்பிடிப்பில் விரிசல் விழுந்திருந்தது. எஞ்சினில் குற்றம் இல்லை; பிடிப்பில்தான் குற்றம். ஆகவே ஒவ்வொரு முறை பறக்கவிடுமுன்னும் விசிறியைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை அது.

உங்கள் விரல்களைப் பற்றியும் நான் கவலைப்படுகிறேன். 10 அங்குல விசிறி நிமிடத்துக்கு 12,000 முறை சுழல்கிறது என்று கொள்ளுங்கள். அதன் சுற்றளவு ஏறத்தாழ 80 செ.மீ.; விநாடிக்கு 200 சுற்று. எனவே விசிறியின் நுனி விநாடிக்கு 160 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 576 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. கண்ணுக்கு அது மெல்லிய மூடுபனி போலத் தோன்றும். கைக்கோ அது வாள். வெறும் விரலால் விசிறியைச் சுண்டிவிடாதீர்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பின்பக்கம் வந்து நின்றே அதைச் சரிசெய்யுங்கள். விசிறி சுழலும் தளத்துக்கு நேரே பக்கவாட்டில் எவரும் நிற்கலாகாது. மின்மோட்டார் என்றால், எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாக விசிறியை மாட்டுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் இவ்வேலையில் இறங்க வேண்டா.

பறக்கவிடும் காலத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்றின் வேகம் நம் பகுதியார் அறிந்ததே. அதை நம்பித்தான் சுற்றுப்புறமெங்கும் காற்றாலைகள் நிற்கின்றன. குற்றாலத்துச் சாரல் நம் மேனிக்கு இன்பம். சிறு விமானத்துக்கு அது பகை. அருவிக் கரைகளில் மக்கள் திரளும் இடத்துக்கு மேலே பறக்கவிடும் எண்ணமே கூடாது. அறுவடைக்குப்பின், காற்று எழுமுன் உள்ள காலை வேளையும், மக்கள் நடமாட்டமற்ற திறந்த வெளியுமே ஏற்றவை. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் நாட்டின் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வகுத்திருக்கின்றன. உங்கள் இடம் எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிந்துகொண்டே தொடங்குங்கள். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானப் பயிற்சி உண்டு. வாய்ப்புள்ளவர்கள் அதில் சேர்ந்து முறையாகக் கற்பது சாலச் சிறந்தது.

மரத்தை அறுப்பதற்கு முன் காகிதத்தில் வரையுங்கள். வரைந்ததைத் திருத்தத் தயங்காதீர்கள். 1949இல் தொடங்கப்பெற்ற, சென்னைக் குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. என்னும் பொறியியல் நிறுவனத்தில் அப்துல் கலாம் பயின்றபோது, ஐந்து மாணவர் சேர்ந்து ஒரு போர்விமானத்தை வடிவமைக்க வேண்டியிருந்தது. காற்றியக்க வடிவம் கலாமின் பொறுப்பு. எஞ்சின், கட்டமைப்பு முதலியன மற்றவர்களுடையவை. பேராசிரியர் சீனிவாசன் வேலையைப் பார்த்து நிறைவு கொள்ளாமல், மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். இராமேசுவரத்துப் படகுக்காரர் மகனுக்கு அந்த உதவித்தொகை எவ்வளவு பெரிது! அவர் மனம் சோரவில்லை. இரவு பகலாக உழைத்து வரைந்து முடித்தார். தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் இதனை அவரே சொல்லியிருக்கிறார்.

நண்பர்களே, உங்களுள் ஒருவர் நாளை உண்மையான விமானத்தை வடிவமைக்கலாம். ஒருவர் அதன் போல்ட்டுகளை முடுக்கும் தொழிலாளராகலாம். பலர் அதில் பயணம் செய்வீர்கள். அனைவர்க்கும் இவ்வறிவு வேண்டும். சக்தியைத் தேடுமுன் அதற்குரிய இடத்தைத் தேடுங்கள். இடம் கண்டபின் திசையைச் சீர் செய்யுங்கள். திசை அமைந்தபின் பிடிப்பை உறுதியாக்குங்கள். குற்றம் எங்கே என்று தெரியாதபோது ஒன்றையும் பிரித்துவிடாமல், நடந்ததை எழுதிவைத்துப் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இதைக் கற்றுக்கொண்ட கைக்கு எந்தப் பொறியையும் நம்பி ஒப்படைக்கலாம்.